காட்டுவதும் மறைப்பதும்

உமாஸ்வாமி ஆசாரியர் அருளிய தத்துவார்த்த சூத்திரத்தின் ஆறாம் அத்தியாயம், வினைகள் உயிரிடம் வந்து சேரும் வாயில்களை விரித்துரைப்பது. அதன் பிற்பகுதியில், தாழ்ந்த கோத்திரத்திற்குக் காரணமானவை என நான்கு செயல்கள் கூறப்படுகின்றன. பிறரைப் பழித்தல், தன்னைப் புகழ்தல், பிறரிடம் உள்ள நற்குணத்தை மறைத்தல், தன்னிடம் இல்லாத குணத்தை உள்ளதாகக் காட்டுதல் என்பன அவை. இளமையில் இதனை என் தந்தையாரிடம் பாடம் கேட்டபோது, எளிதில் கடந்து செல்லக்கூடிய சூத்திரம் என்றே எண்ணினேன். அந்நாளில் ஒருவன் தன்னைப் புகழ்ந்துகொள்ள வேண்டுமானால் திண்ணையில் நாலு பேர் வேண்டும். அந்த நாலு பேரும் அவனைப் பிறந்தது முதல் அறிந்தவர்களாக இருப்பர். பொய் நெடுநேரம் நிற்காது.

இன்று நிலைமை வேறு. 2004இல் முகநூலும் 2010இல் இன்ஸ்டாகிராமும் தோன்றிய பின்னர், நம் இல்லத்துப் பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் உலகம் முழுவதும் நீண்ட ஒரு திண்ணை கிடைத்துவிட்டது. அங்கே அமர்ந்திருப்போரில் பெரும்பாலோர் அவர்களை நேரில் கண்டதில்லை. ஆகவே தன்னை எவ்வாறு காட்டுவது, எதனை மறைப்பது என்னும் கேள்வி இருபது வயதுப் பிள்ளைக்கு அன்றாடக் கவலையாகிவிட்டது. கைப்பேசியைக் குறைகூறுவதற்காக இதனை எழுதவில்லை. என்னிடமும் ஒன்று உண்டு. பஞ்ச நமஸ்காரத்தை அதில் ஒலிக்கவிட்டுத்தான் காலையில் அடுப்பைப் பற்றவைக்கிறேன். ஆசாரியர் கூறிய நான்கும் அக்கருவியின் வழியாக எவ்வாறு நிகழ்கின்றன என்பதையே ஆராய விரும்புகிறேன். அதற்கு, என் கைப்பிழையும் கலந்த ஒரு நிகழ்ச்சியைக் கூறியாக வேண்டும்.

கிழக்குக் கடற்கரைச் சாலையில் செல்வோர் மரக்காணம் உப்பளங்களைக் கண்டிருப்பர். மாசி, பங்குனி தொடங்கி மழை இறங்கும் வரை, பாத்திகளில் தேங்கிய நீர் கண்ணாடிபோல் வானத்தைக் காட்டும்; வரப்போரம் உப்பு வெண்குவியலாக நிற்கும். சென்னையிலிருந்தும் புதுவையிலிருந்தும் வரும் இளைஞர்கள் வண்டியை நிறுத்திப் படம் எடுத்துக்கொள்கின்றனர். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு வைகாசியில் என் தங்கையின் பேரனும் தன் நண்பர்களுடன் அங்கே இறங்கினான். சென்னையில் கணினி நிறுவனம் ஒன்றில் பணிபுரிபவன், நல்ல பிள்ளை, பகலுணவோடு நிறுத்தி இரவுண்ணாமையைக் காப்பவன். உப்பு வாரும் பலகை ஒன்றை ஒரு தொழிலாளரிடம் வாங்கிக்கொண்டு, பாத்தியில் குனிந்து நின்று படம் எடுத்துக்கொண்டான். அவன் பின்னால், தலையில் உப்புக் கூடையுடன் ஒரு பெண் நடந்து வருவது அப்படத்தில் தெளிவாக விழுந்திருந்தது. உழைப்பின் பெருமையைப் பற்றி இரண்டு வரிகள் எழுதி அப்படத்தை வெளியிட்டான். பாராட்டுகள் நூற்றுக்கணக்கில் குவிந்தன. நானும் மகிழ்ந்தேன். மகிழ்ந்ததோடு நில்லாமல், நம் உறவினர் வாட்ஸ்அப் குழுவிலும் பழைய ஆசிரியைகள் குழுவிலும் அதனைப் பகிர்ந்தேன்.

இரண்டு வாரம் சென்று, என்னிடம் முன்னர் எட்டாம் வகுப்பு வரை பயின்ற ஒரு பெண் திண்டிவனத்தில் என் வீட்டுக்கு வந்தாள். அவள் மகன் கல்லூரியில் படிக்கிறான். ஒன்பது நாளாக அவன் கல்லூரிக்குப் போகவில்லை. தாயுடன் பேசவும் இல்லை. காரணம் என்னவென்று கேட்டேன். மகளின் கைப்பேசியில் ஒரு படத்தைக் காட்டினாள். என் பேரன் வெளியிட்ட அதே படம். கூடையோடு நடந்து வந்தவள் இவளேதான். பெரிய படத்தில் நான் அவள் முகத்தைக் கவனித்திருக்கவில்லை.

மகன் தன் வகுப்புத் தோழர்களிடம் தன் வீட்டார் உப்பு வியாபாரம் செய்வதாகச் சொல்லியிருந்தான். அவனுடைய இன்ஸ்டாகிராம் பக்கத்தில், பிறர் மோட்டார் சைக்கிளில் சாய்ந்த படங்களும் கண்ணாடி அணிந்த படங்களும் உண்டு. வீடும் தாயும் இல்லை. அதே பகுதிப் பையன் ஒருவன் அப்படத்தில் அவளை அடையாளம் கண்டு, இன்னாருடைய தாய் என்று எழுதி வகுப்புக் குழுவில் இட்டுவிட்டான்.

"உப்பு வாரினது தப்பா டீச்சர்? அதுலதானே அவன் படிக்கிறான்" என்றாள் அவள். நான் விடை கூறவில்லை. படத்தை எடுத்தவன் என் பேரன் என்பதையும், அதனைப் பரப்பியவர்களில் நானும் ஒருத்தி என்பதையும் மட்டும் ஒப்புக்கொண்டேன்.

இனி நூலுக்கு வருவோம். என் பேரன் செய்தது நான்காவது செயல். பத்து நிமிடம் பலகையைப் பிடித்தவன், விடியுமுன் மூன்று மணிக்கு எழுந்து பாத்தியில் இறங்குவோரின் உழைப்பைத் தன்மேல் ஏற்றிக் காட்டினான். அவளுடைய மகன் செய்தது மூன்றாவது செயல். அத்தாயிடம் மறைக்கத்தக்கது ஒன்றுமில்லை. இருந்த பெருமையை அவன் மறைத்தான். ஒருவன் உப்பளத்தைக் காட்டிப் பெருமை தேடினான். மற்றவன் அதனை மறைத்துப் பெருமை தேடினான். இருவரும் ஏறத்தாழ ஒத்த வயதினர். தாழ்ந்த கோத்திரத்திற்குக் காரணம் கூறும் அச்சூத்திரத்தில், செய்யும் தொழிலைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை என்பதை நம் பிள்ளைகளுக்கு அழுத்திச் சொல்ல வேண்டும். எனினும் இருவரையும் ஒரே தராசில் நிறுத்த என் மனம் இசையவில்லை. முன்னவனுக்கு இழக்க ஒன்றுமில்லை. பின்னவனோ, கேலிக்கு அஞ்சி மறைத்தவன். கேலி செய்யும் உலகை அவன் படைக்கவில்லை.

"பாட்டி, படத்தில் பொய் ஏது? அவர்கள் அங்கே நடந்து வந்தது உண்மைதானே?" என்று பேரன் கேட்டான். நியாயமான கேள்விதான். சமந்தபத்திரர் இயற்றிய இரத்தினகரண்டக சிராவகாசாரம் இதற்கு விடை தருகிறது. அதனைத் தழுவித் தமிழில் எழுந்த அருங்கலச்செப்பு பல வீடுகளில் இருக்கும். இல்லறத்தார்க்குரிய சத்திய அணுவிரதத்தை விளக்குமிடத்து, பருமையான பொய்யைச் சொல்லாமையும் சொல்லுவியாமையும் மட்டுமல்லாது, பிறர்க்கு இடர் விளைக்குமாயின் மெய்யையும் சொல்லாமை அவ்விரதத்துள் அடங்கும் என்கிறார் ஆசாரியர். மேலும், பிறருடைய மறைவான செய்தியை வெளிப்படுத்துதல் அவ்விரதத்தின் அதிசாரங்களுள் ஒன்று. அப்பெண்ணின் இசைவைக் கேளாது அவள் முகத்தை வெளியிட்டது இதன்பாற்படும். வகுப்புக் குழுவில் பெயரெழுதி இட்ட பையன் செய்தது இதனினும் கொடிது. அவன் விளைவை அறிந்தே செய்தான்.

என் பங்கினையும் நூல் விடவில்லை. செய்தல், செய்வித்தல், உடன்படுதல் என்று வினைக்கு மூன்று வழிகள் கூறுவர். நினைத்தல், அதற்கான கருவிகளைக் கூட்டுதல், செயலைத் தொடங்குதல் ஆகிய மூன்றும், மனம், மொழி, மெய் ஆகிய மூன்றும், இவ்வழிகள் மூன்றும், வெகுளி, செருக்கு, வஞ்சனை, அவா ஆகிய கஷாயங்கள் நான்கும் தம்முள் பெருக நூற்றெட்டாகும். செபமாலையில் நூற்றெட்டு மணி ஏன் என்று கேட்கும் குழந்தைகளுக்கு நாம் தரும் விளக்கம் இதுவே. அப்படத்திற்குக் கட்டைவிரலை உயர்த்தியது உடன்படுதல். அதனைப் பிறர்க்கு அனுப்பியது செய்வித்தல். 'நான் எழுதவில்லை, வந்ததை அனுப்பினேன்' என்னும் சமாதானத்திற்கு நம் சமயத்தில் இடமில்லை. இவ்வகையில் இளைஞரைவிட, வேலையற்ற நம் போன்ற முதியோரே மிகுதியாகப் பிழைபடுகிறோம் என்பது என் கருத்து.

செருக்கினை எட்டாக வகுத்துள்ளதும் இரத்தினகரண்டகமே. அறிவு, பிறர் செய்யும் சிறப்பு, குலம், சாதி, வலிமை, செல்வம், தவம், உடலழகு என்னும் எட்டும் செருக்கின் இருப்பிடங்கள். ஓர் இளைஞரின் பக்கத்தைத் திறந்து பார்த்தால் இவ்வெட்டும் வரிசையாக நிற்கக் காணலாம். உடலழகைப் பற்றிய கவலை பெண்பிள்ளைகளை வாட்டுவது உலகெங்கும் உள்ளது. இன்ஸ்டாகிராம் தங்கள் உடலைப் பற்றிய மனக்குறையை மிகுவிப்பதாக வளரிளம் பெண்களில் ஒரு பகுதியினர் கூறியதை அந்நிறுவனத்தின் சொந்த ஆய்வே கண்டிருந்தது என்பது, 2021 செப்டம்பரில் அதன் உள் ஆவணங்கள் வெளியானபோது தெரியவந்தது. விருப்பங்களின் எண்ணிக்கையை மறைத்துவைக்கும் வசதி அதே ஆண்டில் வழங்கப்பட்டது. நம் பிள்ளைகளில் எத்தனை பேர் அதனைப் பயன்படுத்துகின்றனர் என்று வீட்டில் கேட்டுப் பாருங்கள்.

எனக்கு மிகுதியும் உறுத்துவது தவச்செருக்கு. எட்டு நாள், பத்து நாள் உபவாசம் இருப்போர் நாள்தோறும் தம் படத்தை வெளியிடும் வழக்கம் பெருகிவருகிறது. செஞ்சிக்கு அருகில் திருநாதர்குன்றில் இருபத்து நான்கு தீர்த்தங்கரர் உருவங்களைக் கண்டு வணங்கியிருப்பீர்கள். அங்கேயே, 57 நாள் உண்ணாநோன்பிருந்து உடல் நீத்த சந்திரநந்தி ஆசிரியரின் கல்வெட்டும் உள்ளது. பெயர், நாள்களின் எண்ணிக்கை, நிசீதிகை என்பதற்கு மேல் அதில் ஒன்றுமில்லை. அதனைப் பொறித்தவரும் அவரல்லர். குன்றுக்குச் செல்லும் நம் பிள்ளைகள் அக்கல்வெட்டின் முன் தம் முகத்தை வைத்துப் படமெடுத்துக்கொள்கின்றனர். கல்வெட்டை வாசிப்பவர் சிலரே.

சத்திய விரதத்தின் அதிசாரங்களில், பொய்யாவணம் புனைதலும், நம்பி வைத்த அடைக்கலப் பொருளை வௌவுதலும் சேர்ந்துள்ளன. பிறர் பெயரில் பக்கம் தொடங்குதல், ஒருவர் முகத்தை வேறோர் உடலில் ஒட்டுதல் ஆகியன முதலாவதன்பாற்படும். நட்பில் பகிர்ந்த படத்தை நட்பு முறிந்தபின் வெளியிடுதல் இரண்டாவது. இவை வெறும் ஏட்டுப்பாடம் அல்ல. 2016 ஜூன் மாதம் சேலம் மாவட்டத்தில் ஓர் இளம் பட்டதாரிப் பெண்ணின் முகத்தை ஆபாசப் படத்தோடு ஒட்டி ஒருவன் முகநூலில் வெளியிட்டான். காவல் துறையில் முறையிட்டும் உடனே தீர்வு கிட்டவில்லை. அப்பெண் தன் உயிரை மாய்த்துக்கொண்டாள். தான் யாருக்கும் படம் அனுப்பவில்லை என்பதையும், பெற்றோரே தன்னை நம்பவில்லையே என்ற துயரத்தையும் எழுதிவைத்திருந்தாள். பெற்றோர் இதனை மீண்டும் ஒருமுறை வாசிக்க வேண்டுகிறேன். அத்தகைய துன்பம் நம் வீட்டுப் பிள்ளைக்கு நேர்ந்தால், 'நீ ஏன் படம் போட்டாய்?' என்பது நம் முதல் கேள்வியாக இருத்தல் கூடாது. பிள்ளையை நம்பி, அருகில் அமர்த்திக்கொண்டு, இணையக் குற்றங்களுக்கான 1930 என்னும் எண்ணுக்கு நாமே பேச வேண்டும்.

இங்கே ஓர் ஐயம் எழலாம். மறைத்தல் எல்லாம் மாயை என்றால், பெண்பிள்ளை தன் பக்கத்தைத் தெரியாதவர் காணாதவாறு பூட்டி வைப்பதும் மாயையோ? அன்று. மனம், மொழி, மெய்களைக் காத்தல் குப்தி எனப்படும். முகவரியையும், குழந்தைகளின் படங்களையும், வீடு பூட்டிக் கிடக்கும் நாளையும் ஊரறியச் சொல்லாதிருத்தல் அக்காவலைச் சேர்ந்தது. பிறரை ஏமாற்றி ஒன்றைப் பெறும் நோக்கோடு மறைப்பதே மாயை. வேலைக்கு ஆள் எடுப்போரும் பெண் பார்க்க வருவோரும் முதலில் பக்கத்தைத்தான் பார்க்கின்றனர்; ஆகவே அதனைத் திருத்தமாக வைத்திருப்பதில் குற்றமில்லை. விண்ணப்பத்தை நல்ல கையெழுத்தில் எழுதுவது போன்றது அது. படிக்காத பட்டத்தை எழுதினால்தான் குற்றம். சந்தியா காலத்தில் அன்றைய பிழைகளை நினைந்து வருந்தும் பிரதிக்கிரமணத்தின்போது, அன்று வெளியிட்டவற்றையும் விரும்பியவற்றையும் ஒருமுறை திறந்து பார்க்கும்படி எங்கள் ஊர்ச் சமய வகுப்புப் பிள்ளைகளிடம் சொல்லிவருகிறேன். ஐந்து நிமிடம் போதும். சிலர் செய்கின்றனர்.

என் பேரன் படத்தை நீக்கிவிட்டான். ஆனால் குழுக்கள் வழியாகச் சென்றவற்றைத் திரும்பப் பெற இயலவில்லை. அவ்வாண்டு தசலட்சண பருவம் நிறைவுற்ற மறுநாள், தாமரைப் படம் போட்ட மன்னிப்பு வேண்டல் ஒன்று அவனிடமிருந்து எனக்கு வந்தது. அதே செய்தி ஒரே நேரத்தில் இருநூறு பேருக்குச் சென்றிருந்தது. அந்தப் பெண்ணுக்கு அனுப்பினாயா என்று கேட்டேன். அவளிடம் கைப்பேசி இல்லை என்றான்.

அடுத்த ஞாயிறு திண்டிவனத்திலிருந்து இருவரும் பேருந்தில் மரக்காணம் சென்றோம். பருவம் முடியும் தறுவாய். மழைக்கு முன்பாக உப்புக் குவியலை ஓலையால் மூடிக்கொண்டிருந்தாள். அவன் கைகூப்பி, நடந்ததைச் சொல்லிப் பொறுத்துக்கொள்ள வேண்டினான். அவள் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "படம் நல்லாத்தான் இருந்துச்சு தம்பி. ஒரு வார்த்தை கேட்டிருந்தா முந்தானையைச் சரி பண்ணிக்கிட்டு நின்னிருப்பேன்" என்றாள்.

மகன் மீண்டும் கல்லூரிக்குப் போனான். படிப்பை முடித்துப் புதுவையில் வேலையும் பெற்றுவிட்டான். தாயிடம் பேசுகிறான். அவனுடைய பக்கத்தில் அவள் படம் இன்னும் இல்லை. நான் அதைப் பற்றி அவனிடம் கேட்டதில்லை.