வெளிநாட்டு போன் நம்ம ஊர்ல பேசுமா?



நம்ம அருப்புக்கோட்டை, திருச்சுழி பக்கம் மானாவாரி பூமி. மழை தவறினா கண்மாயும் காயும், கையும் காயும். அதனால பல வீட்டு ஆட்கள் துபாய், சவூதி, சிங்கப்பூர், மலேசியான்னு பிழைப்புக்குப் போயிருக்காங்க. லீவுக்கு வரும்போது அங்கே வாங்கின செல்போனைக் கொண்டு வர்றாங்க. சிலர் இங்கேயே விக்கவும் செய்றாங்க.

ஒரு குழுவில் நடந்ததைச் சொல்றோம், பேர் வேண்டாம். வெளிநாட்டில் இருக்கும் கணவர் முகத்தைப் பிள்ளைகளுக்குக் காட்டணும்னு ஒரு அக்கா ஆசைப்பட்டாங்க. குழுவில் 6,000 ரூபாய் உள்கடன் எடுத்து, ஊருக்கு வந்த ஒரு தம்பிகிட்ட பழைய போன் வாங்கினாங்க. நம்ம ஊர் சிம்மைப் போட்டா ஏத்துக்கல. விசாரிச்சா, அது அந்த நாட்டுல தவணைக்கு எடுத்த போன். தவணையும் முடியல. பேசாத போனுக்கு அந்த அக்கா மாசாமாசம் அசலும் வட்டியும் கட்டினாங்க.

இது போல நமக்கு நடக்காம இருக்க, காசு கொடுக்கும் முன்னாலே நாலு விஷயம் பார்க்கணும்.

1. போனோட நம்பர்

ஒவ்வொரு போனுக்கும் ஐ.எம்.இ.ஐ. என்ற 15 இலக்க எண் உண்டு. வண்டிக்கு சேஸிஸ் நம்பர் மாதிரி. *#06# என்று அழுத்தினா திரையில் வரும். இந்த எண் இல்லாத போன்களுக்கு 2009 நவம்பர் 30-ஆம் தேதியோடு இந்தியாவில் இணைப்பை நிறுத்தச் சொல்லி அரசு உத்தரவு போட்டது. மலிவா வந்த பல போன்கள் அப்போ ஊமையாப் போச்சு.

இப்போ நாமே சோதிக்கலாம். கே, ஒய், எம் என்ற மூன்று ஆங்கில எழுத்து, ஒரு இடைவெளி, பிறகு அந்த 15 எண். இதை 14422-க்கு மெசேஜ் அனுப்பணும். தடை செய்யப்பட்டது, போலி எண், ஏற்கெனவே வேறொருவர் உபயோகத்தில் உள்ளது என்று பதில் வந்தா வாங்கவே கூடாது.

2. பூட்டு

சில நாடுகளில் கம்பெனிக்காரங்க தங்கள் சிம் மட்டும் வேலை செய்யும்படி போனைப் பூட்டி விப்பாங்க. அதை முறைப்படி திறக்க வேண்டியது அந்தக் கம்பெனிதான். ஆகவே ஊருக்குக் கிளம்பும் முன்னாலேயே அங்கே திறந்துட்டு வரச் சொல்லுங்க. இங்கே வாங்கும்போது உங்க சிம்மைப் போட்டு, ஒரு கால் பேசிப் பார்த்த பிறகே பணம் கொடுங்க. பழைய ஆளோட கூகுள் கணக்கையும் அவர் கையாலேயே எடுக்கச் சொல்லுங்க. இல்லாட்டி பின்னாடி அவர் பாஸ்வேர்டு கேட்டு போன் நின்னுடும்.

3. அலைவரிசை

ரேடியோவில் முள் சரியான இடத்தில் நின்னாத்தான் பாட்டு கேக்கும். போனும் அப்படித்தான். பழைய 2ஜி போன்களில் இந்தியாவும் வளைகுடா நாடுகளும் 900, 1800 என்ற அலைவரிசைகளைப் பயன்படுத்தின. அமெரிக்காவில் 850, 1900. அதனால துபாய் போன் இங்கே பேசும், அமெரிக்கப் போன் சிலது பேசாது.

2016-ல் வந்த ஜியோவில் 2ஜி, 3ஜி கிடையாது. 4ஜி இல்லாத பழைய போனில் ஜியோ சிம் எடுக்காது. அமெரிக்காவில் விற்கும் ஐபோன்களில் 2022-ல் வந்த 14-ஆம் மாடல் முதல் சிம் போடும் இடமே இல்லை.

இங்கிருந்து போறவங்களும் கவனிக்கணும். சிங்கப்பூர் 2017 ஏப்ரலில் 2ஜியை நிறுத்திவிட்டது. 2ஜி மட்டும் உள்ள பட்டன் போனோடு மகளைப் பார்க்கப் போனா, ஏர்போர்ட்டில் இறங்கி ஒரு வார்த்தை பேச முடியாது.

4. சார்ஜரும் பில்லும்

துபாய், சிங்கப்பூர், மலேசியா சார்ஜரில் மூணு பட்டைக் கம்பி இருக்கும். நம்ம பிளக்கில் நுழையாது, கன்வர்ட்டர் பின் வேணும். குச்சியை விட்டுக் குத்தி மாட்டாதீங்க, ஷாக் அடிக்கும். சார்ஜரில் 100–240 வோல்ட் என்று இருந்தா நம்ம கரண்டுக்குச் சரி.

பில்லை வாங்கி வைங்க. அங்கே கொடுத்த வாரண்டி இங்கே செல்லுமான்னும் கேளுங்க. போன் தொலைஞ்சா போலீசில் புகார் கொடுத்து, அரசின் சஞ்சார் சாத்தி மூலம் அதை முடக்கலாம். அதற்கு 15 இலக்க எண் வேணும், பில்லும் உதவும். எண்ணை இன்னைக்கே கடன் பாஸ்புக்கின் பின் அட்டையில் எழுதுங்க.

அந்த அக்காவுக்கு அப்புறம் என்ன ஆச்சு? குழுவே போய்ப் பேசி, அந்தத் தம்பி மூணு தடவையா பணத்தைத் திருப்பிக் கொடுத்தார். கட்டின வட்டி மட்டும் அக்காவுக்கு நஷ்டம்.

கூட்டத்தில் பேசுங்க:

நம்ம குழுவில் எத்தனை பேரிடம் வெளிநாட்டு போன் இருக்கு? எல்லோரும் *#06# அழுத்திப் பார்த்தாச்சா? போன் வாங்க உள்கடன் கேட்டா, இந்த நாலையும் பார்த்த பிறகே கொடுப்போம் என்று தீர்மானம் எழுதலாமா?

உள்கடன் பணம் நாம எல்லாரும் கூலியில் மிச்சம் பிடிச்ச சேமிப்பு. சோதிச்சுப் பார்த்துச் செலவழிப்போம்.