‘மேலும் இருவர்’ என்று மட்டும் எழுதிவிடாதே, தங்கச்சி!

காலை எட்டே முக்காலுக்குப் பிள்ளைச்சாவடி ஸ்டாப்பில் நின்றால் தெரியும், எங்கள் ஊரில் எத்தனை பேர் கழுத்தில் அடையாள அட்டை தொங்குகிறது என்று. ஒரு பக்கம் கடல், இன்னொரு பக்கம் ஈ.சி.ஆர். ரோடு. 1985-ல் நாடாளுமன்றச் சட்டத்தால் உருவான புதுவைப் பல்கலைக்கழகம் காலாப்பட்டில் வந்தது. பக்கத்திலேயே இருந்த பொறியியல் கல்லூரி 2020-ல் புதுச்சேரி தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் ஆனது. எங்கள் தெருவில் வலை பின்னுகிற வீடு ஒன்று இருந்தால், அடுத்த வீட்டில் எங்காவது ஒரு கல்வி நிறுவனத்தில் லேப் அட்டெண்டராகவோ, டிரைவராகவோ, மெஸ்ஸிலோ, ஆபீஸிலோ வேலை பார்ப்பவர் இருப்பார்.

என் தங்கையும் மூன்று மாதத்துக்கு முன் அப்படி ஓர் ஆபீஸில் சேர்ந்தாள். போன வாரம் அவளிடம் புது வேலை ஒன்றைக் கொடுத்திருக்கிறார்கள். மாத இதழில் ‘ஆசிரியர், அலுவலர் செய்திகள்’ பக்கத்தை இனி அவள்தான் தொகுக்க வேண்டுமாம். “யாரு புதுசா வந்தாங்க, யாருக்கு ப்ரொமோஷன், யாரு ரிட்டயர்டு... டைப் பண்ணிக் குடுத்தா முடிஞ்சுது, அவ்ளோதானேக்கா?” என்றாள்.

அவ்வளவுதான் இல்லை, கண்ணு. எஸ்டாப்ளிஷ்மென்ட் செக்‌ஷனில் பத்தொன்பது வருஷம் ஃபைல் புரட்டியவள் சொல்கிறேன், கேட்டுக்கொள். உன்னைப் போல இந்த வேலையை இழுத்துப் போட்டுக்கொண்ட மற்ற தங்கைகளுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

முதலில் பெயர். சர்வீஸ் புக்கில் ஒரு பெயர் இருக்கும், அவர் கையெழுத்துப் போடுவது ஒரு பெயராக இருக்கும், துறையில் எல்லோரும் கூப்பிடுவது மூன்றாவதாக இருக்கும். ஆர்டரில் ஆங்கிலத்தில் இருப்பதை நீயாகத் தமிழில் எழுதினால் மாட்டிக்கொள்வாய். ஆங்கில எழுத்தில் ‘வல்லி’யும் ‘வள்ளி’யும் ஒன்றுதான், அந்த அம்மாவுக்கு இரண்டும் ஒன்றில்லை. ஒரு சின்ன நோட்டை எடுத்துக்கொண்டு போய், “உங்க பேரைத் தமிழ்ல நீங்களே எழுதிக் குடுங்க” என்று கேட்டு வாங்கு. ஒடிசாவிலிருந்தோ கேரளாவிலிருந்தோ வந்தவர் என்றால் அவர் வாயால் சொல்லக் கேட்டு எழுது. எஸ். ராஜேஸ்வரியும் ஆர். ராஜேஸ்வரியும் ஒரே ஆபீஸில் இருந்தால் இனிஷியலோடு பிரிவின் பெயரையும் போடு. இல்லாவிட்டால் ஒருவருக்குக் கிடைத்த பாராட்டுக்கு இன்னொருவர் வீட்டுக்கு லட்டு போகும்.

அடுத்தது பதவி. இதில்தான் நிறையத் தப்பு வருகிறது, இதை நிதானமாகப் படி.

யு.ஜி.சி.யின் 2018 விதிகளின்படி உதவிப் பேராசிரியர் சம்பள லெவல் 10-ல் சேர்வார். பி.எச்.டி. இருந்தால் 4 வருஷத்தில் லெவல் 11, அதன்பின் 5 வருஷத்தில் லெவல் 12. இந்த மூன்று படியிலும் அவர் உதவிப் பேராசிரியர்தான். சம்பளம் கூடும், பதவிப் பெயர் மாறாது. இன்னும் 3 வருஷம் போய் லெவல் 13ஏ-க்கு வரும்போதுதான் இணைப் பேராசிரியர். அதற்கும் மேலே 3 வருஷம் கழித்துத்தான் பேராசிரியர் பதவிக்கே தகுதி. வருஷம் ஆகிவிட்டால் தானாக வந்துவிடாது; புத்தாக்கப் பயிற்சிகள், ஆராய்ச்சி, தேர்வுக் குழு எல்லாவற்றையும் தாண்டி வரவேண்டும். லெவல் 12-க்குப் போனவரை ‘இணைப் பேராசிரியர் ஆனார்’ என்று நீ போட்டுவிட்டால், அவர்தான் நாலு பேரிடம் விளக்கம் சொல்லிக்கொண்டு திரிவார். உண்மையிலேயே இணைப் பேராசிரியர் ஆனவருக்கு மனசு கசக்கும்.

தேதியும் அப்படித்தான். சி.ஏ.எஸ். என்கிற பணி முன்னேற்றத் திட்டத்தில் பதவி உயர்வு ஆர்டர் இந்த மாதம் வந்தாலும், தகுதி பெற்ற நாளிலிருந்து கணக்கிட்டுக் கொடுப்பார்கள். அது மூன்று வருஷத்துக்கு முந்தைய தேதியாகக்கூட இருக்கும். அதனால் ஆர்டர் தேதி ஒன்று, அமலுக்கு வரும் தேதி ஒன்று என்று இரண்டையும் பார்த்து எழுது. சி.ஏ.எஸ். மூலம் வந்ததா, நேரடித் தேர்வில் வந்ததா என்பதையும் கேள். நேரடித் தேர்வு என்றால் வெளியிலிருந்து விண்ணப்பித்தவர்களோடு போட்டி போட்டு ஜெயித்திருக்கிறார். அதைத் தெளிவாகச் சொல்ல வேண்டாமா?

‘பொறுப்பு’ என்ற சொல்லை விழுங்காதே. பொறுப்புப் பதிவாளர் வேறு, பதிவாளர் வேறு. துறைத்தலைவர் பொறுப்பு சுழற்சியில் வருவது. அதை ‘பதவி உயர்வு’ என்று போடக் கூடாது. மேல்மட்டப் பெயர்களும் இடத்துக்கு இடம் மாறும். புதுவைப் பல்கலைக்கழகத்தில் குடியரசுத் தலைவர்தான் விசிட்டர், குடியரசுத் துணைத் தலைவர் வேந்தர், துணைநிலை ஆளுநர் சீஃப் ரெக்டர். தமிழ்நாட்டில் இருந்து வந்த பழக்கத்தில் ஆளுநரை ‘வேந்தர்’ என்று எழுதிவிடாதே.

பழைய ஆட்களைப் பற்றி எழுதும்போது அந்தக் காலத்துப் பெயரை வை. பொறியியல் கல்லூரியாக இருந்தபோதே ஓய்வு பெற்றவர், அந்தக் கல்லூரியில் இருந்து ஓய்வு பெற்றவர்தான்.

சாதனைச் செய்திகள் வரும்போது கொஞ்சம் விழிப்பாக இரு. ‘பேட்டன்ட் கிடைத்தது’ என்று ஒரு தாள் வரும். வாங்கி முழுசாகப் படி. விண்ணப்பம் போடுவது ஒரு கட்டம். போட்டு 18 மாதம் கழித்தோ, கேட்டுக்கொண்டால் முன்னதாகவோ, அது இதழில் வெளியாவது இரண்டாவது கட்டம். பரிசீலனை முடிந்து உரிமை வழங்குவது கடைசி. ‘வெளியானது’ என்று தாளில் இருந்தால் நீயும் ‘வெளியானது’ என்றே எழுது. பி.எச்.டி.யும் அப்படித்தான், வைவா முடிந்த அன்றைக்கே ‘முனைவர்’ போட ஆசைப்படுவார்கள். அறிவிக்கை வரட்டும்.

வருஷா வருஷம் ‘உலகின் முதல் 2 சதவீத விஞ்ஞானிகள்’ செய்தியும் வரும். ‘ஸ்டான்ஃபோர்டு விருது’ என்று பேனர்கூட கட்டிவிடுகிறார்கள். அது விருது இல்லை. ஸ்டான்ஃபோர்டைச் சேர்ந்த ஜான் அயோனிடிஸ் குழுவினர், ஸ்கோபஸ் தரவை வைத்து, யாருடைய கட்டுரைகளை மற்றவர்கள் எவ்வளவு மேற்கோள் காட்டியிருக்கிறார்கள் என்று கணக்கிட்டு வெளியிடும் பட்டியல். வாழ்நாள் முழுமைக்கும் ஒரு பட்டியல், ஒரே வருஷத்துக்கு ஒரு பட்டியல் என்று இரண்டு உண்டு. எதில் பெயர் வந்தது என்று கேட்டு எழுது. பெருமைப்பட வேண்டிய விஷயம்தான். உள்ளதை உள்ளபடி எழுதினாலே பெருமை வந்துவிடும்.

இதழ்க் கட்டுரையும் கருத்தரங்கமும் மட்டும்தான் செய்தி என்று நினைக்காதே. 1989-ல் காலாப்பட்டில் நடந்தது என்ன தெரியுமா? பள்ளிப் படிப்பையே முடிக்காத ஒரு கரிசல்காட்டு விவசாயியை, கி.ரா. என்கிற கி. ராஜநாராயணனை, துணைவேந்தராக இருந்த கி. வேங்கடசுப்பிரமணியன் கூப்பிட்டு, நாட்டுப்புறவியலுக்குப் பேராசிரியராக உட்கார வைத்தார். பட்டம் என்கிற கட்டத்தில் எழுத அவருக்கு ஒன்றுமில்லை. ஆனால் இந்த ஊர்ப் பக்கத்துக் கதைகளை அவர் தொகுத்தார்; இங்கே இருந்தபோதே, 1991-ல் ‘கோபல்லபுரத்து மக்கள்’ நாவலுக்குச் சாகித்ய அகாடமி விருதும் வந்தது. 2021 மே மாதம் காலமாகிற வரைக்கும் புதுச்சேரிதான் அவருக்கு வீடு. ஒரு பல்கலைக்கழகத்தின் நியமனச் செய்திகளில் இதைவிடப் பெரிய செய்தியை நான் பார்த்ததில்லை. உன் படிவத்தில் ‘கல்வித்தகுதி’ என்ற கட்டம் காலியாக ஒரு பெயர் வந்தால், அந்த ஆளைத் தேடிப் போய் இரண்டு மணி நேரம் பேசு.

அதே வளாகத்தில் நாடகத் துறையில் இருந்த கே.ஏ. குணசேகரனை எடுத்துக்கொள். பேராசிரியர், அதோடு மேடையில் ஏறிப் பறை அதிரப் பாடியவர், ‘வடு’ என்று தன் வாழ்க்கையை எழுதியவர். கட்டுரைப் பட்டியலை மட்டும் கேட்டு வாங்கியிருந்தால் அவரில் பாதிகூட அதில் வந்திருக்காது. அந்தத் துறையை வளர்த்த இந்திரா பார்த்தசாரதிக்கு 1999-ல் ‘இராமாநுஜர்’ நாடகத்துக்காகச் சரஸ்வதி சம்மான் வந்தது. ஓய்வு பெற்றவர்களுக்கும் பக்கத்தில் இடம் வை. எந்த விருது எந்தப் புத்தகத்துக்கு என்று சரியாகப் போடு. சாகித்ய அகாடமி விருது ஆளுக்குத் தருவதில்லை, புத்தகத்துக்குத் தருவது.

இனி நான் சொல்லப்போவதுதான் எனக்கு முக்கியம்.

நம் அம்மா ஒரு கல்வி நிறுவனத்தின் விடுதி மெஸ்ஸில் இருபத்தாறு வருஷம் வேலை பார்த்தது உனக்கு நினைவிருக்கும். ஓய்வு பெற்ற மாதம் அந்த இதழை ஒருத்தர் வீட்டில் கொண்டுவந்து கொடுத்தார். அம்மாவுக்குப் படிக்க வராது. நீ அப்போது ஆறாம் வகுப்பு, என்னிடம்தான் நீட்டியது. ஒரு பேராசிரியரின் ஓய்வுச் செய்தி அரைப்பக்கம் இருந்தது. அதன் கடைசி வரி, ‘மேலும் இருவர் இம்மாதம் ஓய்வு பெற்றனர்’. அவ்வளவுதான். நான் அம்மாவிடம், “உன் பேரு போட்டிருக்காங்கம்மா” என்று பொய் சொன்னேன். அம்மா அந்தத் தாளை மடித்து ரேஷன் கார்டு வைக்கிற பையில் வைத்துக்கொண்டது. இன்னும் அங்கேதான் இருக்கிறது.

அதனால், யாரையும் ‘மேலும் இருவர்’ ஆக்காதே. சமையல்காரர், தோட்டக்காரர், துப்புரவுப் பணியாளர், எலக்ட்ரீஷியன், நூலக உதவியாளர், எல்லோருக்கும் பெயர், பதவி, பிரிவு, சேர்ந்த வருஷம், ஓய்வுத் தேதி. பேராசிரியருக்குப் படம் போட்டால் இவர்களுக்கும் படம் போடு. அவர்களிடம் “உங்க சாதனை என்ன?” என்று கேட்காதே, பாவம், திகைத்துப் போவார்கள். “சேர்ந்தப்போ இங்க என்ன இருந்துச்சு?” என்று கேள். எந்த மரத்தை எந்த வருஷம் நட்டார், புயலில் கரன்ட் இல்லாத நாளில் எத்தனை பிள்ளைகளுக்குக் கஞ்சி காய்ச்சினார், எல்லாம் தானாக வரும். அவுட்சோர்சிங்கில் வருகிறவர்களின் பெயர் எஸ்டாப்ளிஷ்மென்ட் லிஸ்ட்டில் இருக்காது. அவர்கள் சூப்பர்வைசரைக் கேட்டு மாதாமாதம் வாங்கு. கெஸ்ட் ஃபேகல்டியையும் விடாதே. ஒரு செமஸ்டருக்கு வந்தாலும் வகுப்பில் நின்று பாடம் எடுத்தவர்தான்.

ஓய்வுத் தேதியில் ஒரு நுணுக்கம். மத்தியப் பல்கலைக்கழகத்தில் ஆசிரியர்களுக்கு 65, மற்ற அலுவலர்களுக்குப் பொதுவாக 60. பிறந்தநாள் எந்தத் தேதியில் வந்தாலும் அந்த மாதத்தின் கடைசி நாளில்தான் ஓய்வு. 1-ம் தேதி பிறந்தவர் மட்டும் முந்தின மாதக் கடைசியிலேயே போய்விடுவார். அவர் பெயர்தான் எப்போதும் விட்டுப்போகும், பார்த்துக்கொள். கடைசி நாள் ஞாயிறு என்றால் படத்தை வெள்ளிக்கிழமையே எடுத்துவிடு.

பெண்களிடம் நீயே போய்க் கேட்க வேண்டும். சர்க்குலர் போட்டால் ஆண்கள் படத்தோடு அனுப்பிவிடுவார்கள். நம் பெண்கள், “நம்மள பத்தி நாமளே சொல்லிக்கிறதாக்கா?” என்று உட்கார்ந்திருப்பார்கள். இதைப் படிக்கிற தங்கைகளுக்கும் அதையே சொல்கிறேன்: ஒரே தாளில் பெயர், பதவி, என்ன நடந்தது, எந்தத் தேதி, எந்த ஊர் என்று எழுதி, ஆர்டர் நகலோடு கொடுத்துவிடுங்கள். ஒரு நகலை வீட்டு ஃபைலில் போட்டு வையுங்கள். பதவி உயர்வுக்கு விண்ணப்பிக்கும்போது ஐந்து வருஷத்துக் காகிதத்தை ஒரே ராத்திரியில் தேட முடியாது.

எழுதக் கூடாதவையும் உண்டு. பிறந்த தேதி, செல்போன் எண், ஊழியர் எண், ஓய்வுப் பணம் எவ்வளவு, இதெல்லாம் அச்சில் வரவே கூடாது. ரிட்டயர் ஆனவர்களுக்கு ‘பென்ஷன் ஆபீஸிலிருந்து பேசறோம்’ என்று போன் போட்டு ஏமாற்றும் கூட்டம் இருக்கிறது. அவர்களுக்கு நாமே முகவரி எழுதிக் கொடுக்கக் கூடாது. மருத்துவ விடுப்பு, இடமாற்றத்துக்கான காரணம், குழந்தை பிறந்த செய்தி, எதுவானாலும் அவர்கள் சரி என்று சொன்னால்தான். இறப்புச் செய்தி என்றால் வீட்டாரில் ஒருவரிடம் பேசிவிட்டு எழுது, காரணம் போடாதே, எந்தப் படம் என்று அவர்களையே கேள். கி.ரா. அளவுக்குத் தெரிந்தவராக இருந்தாலும் சரி, வாட்ச்மேனாக இருந்தாலும் சரி, அந்த வரி அவர்கள் வீட்டுப் பிள்ளைகள் எடுத்து வைக்கிற வரி.

காரைக்காலையும் அந்தமானையும் மாகேயையும் மறக்காதே. புதுவைப் பல்கலைக்கழகத்துக்கு அங்கெல்லாம் கிளை இருக்கிறது; உன் இடத்துக்கும் வெளியூர்ப் பிரிவு ஏதாவது இருந்தால் அங்கே ஒருவரைப் பிடித்து வைத்துக்கொள். தூரத்தில் இருப்பவருக்குத்தான் தன் பெயர் அச்சில் வருவது அதிகம் தேவைப்படும்.

அச்சுக்குப் போகும் முன் ஒவ்வொருவருக்கும் அவரவர் வரியைப் படம் பிடித்து வாட்ஸ்ஆப்பில் அனுப்பு. வாட்ஸ்ஆப் இல்லாதவருக்கு நேரில் போய் வாசித்துக் காட்டு. தப்பு வந்துவிட்டால் அடுத்த மாதம் அதே இடத்தில், அதே அளவு எழுத்தில் திருத்தம் போடு. ‘பெருந்தகை, செம்மல்’ எல்லாம் வேண்டாம், அந்த இடத்தில் இன்னும் இரண்டு பெயர் போடலாம்.

நாளைக்குக் காலையில் ஆபீஸுக்குப் போகும் முன் மெஸ் பக்கம் போ. பத்து மணிக்குள் போனால்தான் பேச ஆள் கிடைப்பார்கள், பிறகு மதியச் சாப்பாட்டுக்கு உலை வைத்துவிடுவார்கள். பேனாவோடு ஒரு பென்சிலும் எடுத்துக்கொள். ஈரக்கையோடு எழுதினால் மை கலையும்.