கோடைகால யூத மரபுகள்: சென்னைத் தொடர்புடன் முக்கியக் குறிப்புகள்

அ. சென்னையும் யூதர்களும்

- 17ஆம் நூற்றாண்டில் மதராஸுக்கு வந்த யூதர்களில் பெரும்பாலோர் போர்த்துகீசிய வழியினர். மத்தியதரைக் கடல் பவழத்தைக் கொண்டுவந்தனர். கோல்கொண்டா வைரத்தை வாங்கிச் சென்றனர். ஜார்ஜ் டவுனின் பவழக்காரத் தெரு இதன் நினைவு.
- வைர வணிகர் ஜாக் டி பைவா 1687இல் மறைந்தார். யூதர் கல்லறைத் தோட்டம் இன்று ராயப்பேட்டை லாயிட்ஸ் சாலையில் (அவ்வை சண்முகம் சாலை) உள்ளது.
- மதராஸ் மாநகராட்சி 29.9.1688இல் தொடங்கியபோது அதன் ஆல்டர்மேன்களில் (மூத்த மன்ற உறுப்பினர்களில்) யூத வணிகர்களும் இருந்தனர்.
- அடையாறு பிரம்மஞான சபையின் பொன்விழா மாநாடு 1925இல் நடந்தபோது யூதப் பிரம்மஞானிகளுக்கான தனிச் சங்கம் உருவானது.
- சென்னையில் இன்று ஜெப ஆலயம் இல்லை. கொச்சி மட்டாஞ்சேரியின் பரதேசி ஜெப ஆலயம் 1568இல் கட்டப்பட்டது.
- மரபுவழிப் பொதுத் தொழுகைக்கு வயது வந்த ஆண்கள் 10 பேர் வேண்டும். அத்தனை பேர் சேராத ஊரில் வீடே வழிபாட்டு இடம்.

ஆ. நாள்காட்டி

- எபிரேய ஆண்டு சந்திர-சூரிய ஆண்டு. 19 ஆண்டுகளில் 7 முறை கூடுதல் மாதம் வரும். அதனால் பண்டிகைகள் பருவம் மாறாது. ஆங்கிலத் தேதி மட்டும் மாறும்.
- நாள் தொடங்குவது நள்ளிரவில் அல்ல, சூரியன் மறையும்போது.
- கோடை மாதங்களின் வரிசை: சீவான், தம்மூஸ், ஆவ், எலூல்.

இ. கோடையில் ஓய்வுநாள் (சபாத்)

- வெள்ளி மாலை தொடங்கி, சனி இரவு 3 விண்மீன்கள் தெரியும்போது முடியும். சூரியன் மறைய 18 நிமிடம் முன்பு விளக்கேற்றுவது பரவலான வழக்கம்.
- லண்டனில் ஜூன் மாதச் சூரியன் இரவு 9.20-ஐ ஒட்டி மறையும், டிசம்பரில் மாலை 4 மணிக்கு முன்பே. சென்னையில் ஆண்டு முழுவதும் வேறுபாடு ஏறக்குறைய 1 மணி நேரமே. ஆகவே இங்கே கோடையில் சிரமம் தருவது கடிகாரமல்ல, வெயில்தான்.
- அன்று சுவிட்சைத் தொடக்கூடாது. மின்விசிறியும் ஏசியும் வெள்ளி மாலையே போடப்பட்டு ஓடிக்கொண்டே இருக்கும். ஃப்ரிட்ஜைத் திறந்தால் விளக்கு எரியும் என்பதால் அதன் பல்பை முன்கூட்டியே கழற்றி வைப்பார்கள். குடை விரிப்பதும் தவிர்க்கப்படும்.
- பஸ்கா (வசந்தகால விடுதலைப் பண்டிகை) முடிந்தபின் சனிக்கிழமைப் பிற்பகல்களில் 'பிர்கே அவோத்' என்னும் அறநூலின் 6 அதிகாரங்களை வாரம் ஒன்றாகப் படிப்பர். பல சமூகங்களில் இது கோடை முழுவதும் தொடரும்.

ஈ. நாள்களின் வரிசை

- ஷவுவோத் (சீவான் 6): பஸ்காவின் இரண்டாம் இரவிலிருந்து 49 நாள் எண்ணி, 50ஆம் நாள் கொண்டாடுவது. யூத மறைநூலான தோரா அருளப்பட்ட நாள். இரவு முழுதும் படிப்பு, பால் உணவு, ரூத் ஆகமம். 2026இல் மே 21 மாலை தொடக்கம். அதாவது அக்னி நட்சத்திரத்தில்.
- தம்மூஸ் 17: எருசலேம் மதில் உடைக்கப்பட்டதன் நினைவு. விடியல் முதல் இருட்டும்வரை நோன்பு, தண்ணீரும் இல்லை.
- ஆவ் 9 (திஷா பாவ்): எருசலேமின் முதல் ஆலயம் (கி.மு. 586), இரண்டாம் ஆலயம் (கி.பி. 70) ஆகியவற்றின் அழிவுக்கான துக்க நாள். சுமார் 25 மணி நேர நோன்பு. அதற்கு முந்தைய கடைசி உணவில், வேகவைத்த முட்டையைச் சாம்பலில் தொட்டுத் தரையில் அமர்ந்து உண்பது வழக்கம். தோல் காலணி அணியார். இரவில் புலம்பல் ஆகமம் வாசிக்கப்படும்.
- எலூல்: புத்தாண்டுக்கு முந்தைய மாதம். சனி தவிர்த்த காலைகளில் ஆட்டுக்கடா கொம்பு (ஷோஃபார்) ஊதப்படும்.
- நோன்பால் உயிருக்கு ஆபத்து என்றால் நோன்பிருக்கக் கூடாது. உயிர் காப்பதே முதல் கடமை என்பது யூதச் சட்டம்.

உ. ஆடியோடு ஒப்பிட்டு நினைவில் கொள்க

- தம்மூஸ் 17 முதல் ஆவ் 9 வரையிலான 3 வாரங்களில் திருமணம் இல்லை. நம் ஆடியிலும் முகூர்த்தம் இல்லை. ஆனால் அவர்களுக்குத் துக்கம் காரணம். நமக்கு ஆடி அம்மன் மாதம்.
- ஆவ் 1 முதல் 9 வரை இறைச்சியும் திராட்சை மதுவும் (ஓய்வுநாள் தவிர) விலக்கு. புத்தாடை வாங்குவதும் இல்லை. அதே வாரங்களில்தான் தி.நகர் ரங்கநாதன் தெருவில் ஆடித் தள்ளுபடிக் கூட்டம் அலைமோதும்.
- 2025 ஆகஸ்ட் 3 ஞாயிறு: ஒரே நாளில் ஆவ் 9, ஆடி 18. அங்கே நீரும் பருகாத நோன்பு. இங்கே நீரைப் போற்றும் ஆடிப்பெருக்கு.

ஊ. குழப்பம் தவிர்க்க

- 1992ஆம் ஆண்டுச் சட்டப்படி மத்திய அரசு அறிவித்த சிறுபான்மையினர் 6 பிரிவினர். யூதர் அதில் இல்லை. மகாராஷ்டிரம் 2016இல் மாநில அளவில் அந்தத் தகுதியை அளித்தது.
- தம்மூஸ் 17 பகல் நோன்பு. ஆவ் 9 மாலை முதல் மறுநாள் இரவு வரை.
- ஆங்கிலத் தேதியை மனப்பாடம் செய்யாதீர்கள், அடுத்த ஆண்டு அது உதவாது. எபிரேய மாதத்தையும் நாளையும் பிடித்துக்கொள்ளுங்கள்.