ஊறுகாயில் ஒளிந்திருக்கும் உப்பு

நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைவான உப்பே ஒருவருக்குப் போதுமென்று உலக சுகாதார நிறுவனம் கூறியிருக்க, நாமோ சாம்பாரில் இட்டதை மட்டும் கணக்கில் வைத்து, ஊறுகாய், அப்பளம், மோர்மிளகாய், கருவாடு ஆகியவற்றின் வாயிலாகச் சரீரத்தில் பிரவேசிப்பதை மறந்துவிடுகிறோம். உப்பிலுள்ள சோடியம் மிகுந்தால் இரத்தத்தில் நீர் தங்கி அழுத்தம் ஏறுகிறது. பொட்டாசியமோ சோடியத்தைச் சிறுநீர் வழியே வெளியேற்றச் சகாயம் செய்கிறது. ஆகையால் கீரை, பருப்பு, வாழைப்பழம் முதலியவற்றை நித்திய போஜனத்தில் சேர்ப்பதும், பொட்டாசியத்தில் ஒரு பகுதி கரைந்திருக்கும் காய்கறி வெந்த நீரைக் கொட்டாமல் ரசத்தில் விடுவதும் உசிதம். மோர்சாதத்துக்குத் தனியே உப்பிடும் பழக்கத்தை (எனக்கும் உண்டு) விடுவதுதான் கடினம். சிறுநீரக வியாதியஸ்தர்களோ, வைத்தியரைக் கேளாமல் பொட்டாசியம் மிகுந்த உணவுகளைக் கூட்டவோ, பொட்டாசியம் கலந்த மாற்று உப்பைத் தொடவோ கூடாது.