காகதாலீயமும் நகரக் குற்றங்களும்

காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்ததைக் கண்டவன், பழத்தை வீழ்த்தியது காக்கையே என்று சாதிப்பானாயின் அவனைப் பார்த்து நகைக்கின்றோம். காகதாலீயம் என வழங்கும் இந்நியாயம் தருக்கம் பயிலும் நம் மாணவர்க்குப் புதிதன்று. ஆயினும், ஒரு நகரத்தில் கொலைகள் மிகும்போதும் குறையும்போதும் கற்றறிந்தோரும் இதனை மறந்துவிடுகின்றனர். அமெரிக்காவின் நியூயார்க் நகர வரலாறு இதற்குத் தக்க சான்றாதலின், அதனை ஈண்டுச் சிறிது ஆராய்வோம்.

1990ஆம் ஆண்டில், ஏறக்குறைய 73 லட்சம் மக்கள் வாழ்ந்த அந்நகரில் 2,200க்கு மேற்பட்டோர் கொலையுண்டனர். கிராக் என்னும் போதைப்பொருளின் வியாபாரப் போட்டியும், இளைஞர் கைகளில் மலிந்த கைத்துப்பாக்கியும் இதற்குப் பெரிதும் காரணமாயின. 1994இல் ரூடால்ப் ஜூலியானி மேயராகவும், வில்லியம் பிராட்டன் போலீஸ் கமிஷனராகவும் பதவியேற்றனர். உடைந்த ஜன்னலொன்றைப் பழுது பாராது விட்டால் ஏனைய ஜன்னல்களும் உடைபடும். அதுபோலச் சிறு குற்றங்களைப் பொறுத்தால் பெருங்குற்றங்கள் பெருகும் என்று வில்சன், கெல்லிங் என்னும் அறிஞர் இருவர் 1982இல் எழுதியிருந்தனர். இக்கொள்கையைப் பின்பற்றி, சுரங்க ரெயிலிற் சீட்டின்றிச் செல்வோர், சுவரிற் கிறுக்குவோர் முதலியோரும் கைது செய்யப்பட்டனர். 1998இல் கொலைகள் 650க்கும் கீழே வந்தன. உலகெங்கும் இம்முறையின் புகழ் பரவிற்று.

ஆனால் கொலைகள் குறையத் தொடங்கியது 1991இலேயாம். அப்பொழுது மேயராயிருந்தவர் டேவிட் டிங்கின்ஸ். பல்லாயிரம் போலீசாரைப் புதிதாகச் சேர்க்க வழிசெய்தவரும் அவரே. கிராக் வியாபாரமும் படிப்படியாகத் தளர்ந்தது. இவையன்றி, வேறு முறையைக் கைக்கொண்ட சான் டீகோ நகரிலும் அவ்வாண்டுகளில் குற்றங்கள் வெகுவாகக் குறைந்தன. ஜன்னற் கொள்கையாற் பயனே இல்லை என்பது எமது கருத்தன்று. பயன் முழுவதும் அதனுடையதே என்பதற்குச் சான்றில்லை என்பதே நாம் கூறுவது.

பின்னர், தெருவிற் செல்வோரை நிறுத்திச் சோதிக்கும் முறை ஓங்கிற்று. 2011ஆம் ஆண்டில் மட்டும் 6,85,724 முறை போலீசார் இவ்வாறு செய்தனர். நிறுத்தப்பட்டோரிற் பெரும்பாலார் கறுப்பினத்தாரும் லத்தீன் அமெரிக்க வழியினருமாவர். பத்தில் ஏறக்குறைய ஒன்பது பேர்மீது யாதொரு நடவடிக்கைக்கும் இடமிருக்கவில்லை. இதை நிறுத்தினால் கொலைகள் பெருகும் என அதிகாரிகள் அஞ்சினர். 2013இல் நீதிபதி ஷைரா ஷைண்ட்லின், இது நடைபெறும் விதம் அரசியல் சட்டத்திற்கு முரணானது எனத் தீர்ப்பளித்தார். 2017இல் இச்சோதனைகள் 12,000க்கும் குறைந்தன. கொலைகளோ 300க்கும் குறைந்தன. காக்கை பறந்துவிட்டது, பழம் விழவில்லை.

நிற்க. அந்நகரில் 2010இல், முதுகுப்பை ஒன்றைத் திருடியதாகக் குற்றஞ் சாட்டப்பட்டுப் பதினாறு வயதுச் சிறுவன் ஒருவன் பிடிபட்டான். 3,000 டாலர் ஜாமீன் கட்ட அவன் குடும்பத்தாரால் இயலவில்லை. ஏறக்குறைய மூன்றாண்டு சிறையிருந்தான். அதிற் பெரும்பகுதி தனிச்சிறை. வழக்கு விசாரணைக்கே வரவில்லை, 2013இல் கைவிடப்பட்டது. இரண்டாண்டு கழித்து அவன் தன் உயிரை மாய்த்துக்கொண்டான். இத்தகைய கொடுமைகளைக் கருதியே, வன்முறை கலவாத பெரும்பாலான குற்றங்களுக்கு ஜாமீன் தொகை கேட்பதை நீக்கும் சட்டத்தை நியூயார்க் மாநிலம் 2019இல் இயற்றிற்று. அது நடைமுறைக்கு வந்தது 2020 ஜனவரியில். அவ்வாண்டே கொலைகள் நூற்றுக்கு நாற்பதுக்கு மேல் உயர்ந்தன! பழி முழுவதும் அச்சட்டத்தின் தலைமேல் விழுந்ததில் வியப்பென்ன?

கொலைக் குற்றத்திற்கு ஜாமீன் கேட்கும் அதிகாரத்தை அச்சட்டம் தொடவேயில்லை. அன்றியும், 2020இல் அமெரிக்கா முழுவதிலுமே கொலைகள் நூற்றுக்கு ஏறக்குறைய முப்பது வீதம் பெருகின. குடியரசுக் கட்சி மேயர்கள் ஆண்ட போர்ட் வொர்த், ஜாக்சன்வில் நகரங்களும் இதற்குத் தப்பவில்லை. ஹட்சன் ஆற்றின் அக்கரையிலுள்ள நியூ ஜெர்சி மாநிலமோ 2017இலேயே ஜாமீன் தொகையை ஏறக்குறைய ஒழித்துவிட்டது. அதனைத் தொடர்ந்த ஆண்டுகளில் அங்கு வன்குற்றம் பெருகவில்லை. 2020இல் கொரோனா கொள்ளைநோய் வந்தது, பள்ளிகள் மூடப்பட்டன, ஜார்ஜ் பிளாய்டு போலீசாராற் கொல்லப்பட, மக்களுக்கும் போலீசாருக்கும் இடையே நம்பிக்கை குலைந்தது, துப்பாக்கி விற்பனை என்றுமில்லாதவாறு ஏறிற்று. இவற்றுள் எதன் பங்கு எவ்வளவு என்பதில் அறிஞர் இன்னும் ஒருமைப்படவில்லை. 2024இல் நியூயார்க்கில் கொலைகள் 400க்கும் கீழ் இறங்கின. இடையில் மும்முறை செய்யப்பட்ட திருத்தங்களே இதற்குக் காரணம் என்பர் சிலர். அத்தகைய சட்டமோ திருத்தமோ இல்லாத பல நகரங்களிலும் அதே காலத்திற் கொலைகள் குறைந்தன என்பதை அவர்கள் நோக்குவதில்லை.

இவ்வாறன்றி, ஒரு முறையின் பயனை நேர்மையாகச் சோதிக்கவும் வழியுண்டு. மினியாபோலிஸ் நகரில் 1988, 1989ஆம் ஆண்டுகளில், குற்றம் மிகுந்த 110 தெருமுனைகளைத் தெரிந்து, சீட்டுக்குலுக்கலைப் போன்ற முறையால் அவற்றைச் சரிபாதியாகப் பிரித்து, ஒரு பாதியில் மட்டும் போலீஸ் ரோந்தை மிகுவித்தனர். ரோந்து மிகுந்த பாதியிற் குற்றம் பற்றிய முறையீடுகள் ஓரளவு குறைந்தன. பெரிதாக அன்று, ஓரளவே.