தலைவலியோடு பார்வை மங்கினால் காத்திருக்க வேண்டாம்

வயதானால் பார்வை மங்குவது இயல்பு என்று பலரும் இருந்துவிடுகிறோம். பெரும்பாலும் கண்புரைதான் காரணம். கண்புரை வலி இல்லாமல், மாதக்கணக்கில், மெல்ல மெல்ல வளரும். ஆனால் சில நாள்களிலோ வாரங்களிலோ, தலைவலியோடு சேர்ந்து பார்வை மங்கினால் அது கண்புரையாக இருக்காது. மூளைக்குள் அழுத்தம் கூடியிருக்கலாம். மூளையின் சிரைகளில் இரத்தம் உறைந்து அடைத்துக்கொள்வது அதற்கு ஒரு காரணம். இது அரிய நோய்தான். ஆனாலும் உடனே சிகிச்சை கிடைத்தால் பலருடைய பார்வையைக் காப்பாற்ற முடிகிறது.

மூளைக்குள் என்ன நடக்கிறது?

மூளைக்குச் செல்லும் இரத்தம் சிரைகள் வழியாக இதயத்துக்குத் திரும்ப வேண்டும். மூளையைச் சூழ்ந்திருக்கும் நீரும் பெரும்பாலும் அதே சிரைகளில்தான் வடிகிறது. அங்கே இரத்தக் கட்டி அடைத்தால், அடைமழையில் கால்வாய் அடைத்துக்கொண்டது போலாகிவிடும். வருவது வந்துகொண்டே இருக்கும். போக வழி இருக்காது. மண்டையோடு விரிந்து கொடுக்காது என்பதால் உள்ளே அழுத்தம் ஏறுகிறது.

பார்வை நரம்பைச் சுற்றியும் இதே நீர்தான் இருக்கிறது. அதனால் அழுத்தம் கண்ணின் பின்புறம் வரை சென்று நரம்பின் முனையை வீங்க வைக்கிறது. வீக்கம் நீடித்தால் நரம்பிழைகள் அழியும். அழிந்தவை மீண்டும் வளர்வதில்லை.

நாம் பேச்சில் ‘பிரஷர்’ என்று சொல்வது இரத்த அழுத்தத்தை. இது வேறு. கையில் பட்டை கட்டிப் பார்க்கும் அளவு சரியாக இருந்தாலும் மூளைக்குள் அழுத்தம் கூடியிருக்கலாம்.

கண்ணாடி மாற்றினால் போதாதா?

போதாது. இந்த நோயில் தொடக்கத்தில் ஓரப் பார்வைதான் குறையும். நடுப்பார்வை நன்றாகவே இருக்கும். கண்ணாடிக் கடைப் பலகையில் கடைசி வரி எழுத்தைக்கூடப் படித்துவிடலாம். வீக்கம் இருக்கிறதா என்று அறிய, மருத்துவர் கருவி கொண்டு கண்ணின் பின்புறத்தைப் பார்க்க வேண்டும்.

கவனிக்க வேண்டிய அறிகுறிகள்

• நாளுக்கு நாள் கூடும் தலைவலி. படுத்தால், இருமினால், முக்கினால் அதிகமாகும்
• குனிந்து நிமிரும்போது சில விநாடிகள் கண் இருட்டுதல்
• ஒரு பொருள் இரண்டாகத் தெரிதல்
• நாடித்துடிப்போடு சேர்ந்து காதில் இரைச்சல்
• வாந்தி, வலிப்பு, கை கால் தளர்ச்சி, தூக்க மயக்கம்

2004-இல் வெளியான பன்னாட்டு ஆய்வு ஒன்றில் 624 நோயாளிகள் சேர்க்கப்பட்டனர். அவர்களில் 10 பேரில் ஏறத்தாழ 9 பேருக்குத் தலைவலி இருந்தது. 65 வயதைத் தாண்டியோர் 100-க்கு 8 பேர்.

யாருக்கு வரலாம்?

முதியோரில்: புற்றுநோய் உள்ளவர்கள், இரத்தம் எளிதில் உறையும் நோய் உள்ளவர்கள், வயிற்றுப்போக்கு, வாந்தியால் உடலில் நீர் வற்றியவர்கள், காதிலோ சைனஸிலோ கடும் தொற்று உள்ளவர்கள்.

இளையோரில் பெண்களே அதிகம்: கருத்தடை மாத்திரை எடுப்பவர்கள், கர்ப்பிணிகள், குறிப்பாகப் பிள்ளை பெற்று 6 வாரம் ஆகாதவர்கள். இந்தியாவில் இந்த ஆபத்தை மருத்துவர்கள் நெடுங்காலமாகவே கவனித்து வந்துள்ளனர். கர்ப்பகாலத்திலும் பிரசவத்துக்குப் பின்னும் மூளை இரத்தக் குழாய்களில் இரத்தம் உறைந்த 135 பேரைப் பற்றி கே. சீனிவாசன் 1983-இல் எழுதினார்.

உங்கள் மகளையோ மருமகளையோ பத்தியத்தில் வைத்துப் பார்த்துக்கொள்பவர் நீங்களாக இருக்கலாம். பச்சை உடம்பு என்று தண்ணீரைக் குறைக்க வேண்டாம். வெந்நீராகவாவது தாகம் தீரக் குடிக்கக் கொடுங்கள். அவர் தலைவலி, கண் மங்கல் என்றால் தைலம் தேய்த்துக் காத்திருக்காமல் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.

எங்கே செல்வது?

உடனே 999-ஐ அழையுங்கள், அல்லது அருகிலுள்ள மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குச் செல்லுங்கள். கோலாலம்பூர் பொது மருத்துவமனை, கிள்ளான் தெங்கு அம்புவான் ரஹிமா மருத்துவமனை, பெட்டாலிங் ஜெயாவை ஒட்டியுள்ள மலாயாப் பல்கலைக்கழக மருத்துவமனை ஆகியவற்றில் அவசரப் பிரிவு உண்டு. நீங்களே வண்டி ஓட்ட வேண்டாம். சாப்பிடும் மருந்துகளை எல்லாம் எடுத்துச் செல்லுங்கள். மலாயில் சொல்வதானால்: ‘சாக்கிட் கெப்பாலா’ என்றால் தலைவலி, ‘மாத்தா காபூர்’ என்றால் கண் மங்கல். எப்போது தொடங்கியது என்பதையும் சொல்லுங்கள்.

சிகிச்சை என்ன?

ஸ்கேன் எடுத்து அடைப்பை உறுதி செய்வார்கள். சாதாரண ஸ்கேனில் அது தெரியாமல் போகலாம்; சிரைகளைக் காட்டும் தனி ஸ்கேன் தேவைப்படும். இரத்தம் மேலும் உறையாமல் இருக்க முதலில் ஊசியும், பிறகு பல மாதங்களுக்கு மாத்திரையும் தருவார்கள். அழுத்தத்தைக் குறைக்கவும் மருந்து உண்டு. பார்வை வேகமாகக் குறைந்தால் அறுவை சிகிச்சை தேவைப்படலாம்.

தலைவலி நின்றவுடன் மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். மருத்துவரைக் கேட்காமல் நாட்டு மருந்து சேர்க்காதீர்கள். வலி போன பிறகும் நரம்பு வீக்கம் இருக்கலாம் என்பதால், கண் பரிசோதனைத் தேதிகளைத் தவறவிடாதீர்கள்.

பார்வை குறைந்துவிட்டவர்களுக்கு

1951-இல் தொடங்கிய மலேசியப் பார்வையற்றோர் சங்கம் பிரிக்பீல்ட்ஸில் இயங்குகிறது. நடமாடவும் அன்றாட வேலைகளைச் செய்யவும் அங்கே பயிற்சி உண்டு. உங்களுக்கோ உங்கள் வீட்டாருக்கோ இந்த உதவி தேவைப்பட்டால், அங்கே அனுப்பச் சொல்லி மருத்துவரிடம் கேளுங்கள்.