கேளா ஒலியும் எண்ணெய்க் கிணறும்

1859-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாகாணத்து டைட்டஸ்வில் என்னும் ஊரில், எட்வின் டிரேக் என்பார் ஏறக்குறைய 70 அடி ஆழத்திற் கல்லெண்ணெய் கண்டனர். அதுமுதல் உலகெங்கும் எண்ணிறந்த கிணறுகள் தோண்டப்பட்டன. ஆயினும், கிணறு வற்றிற்றென்று கைவிடப்படுங் காலத்தும், எண்ணெயிற் பெரும்பகுதி பாறையிலேயே தங்கிவிடுதல் உண்டு. இக்குறையை ஒருவாறு நீக்க வல்லது கேளா ஒலி. அதன் திறத்தையும் எல்லையையும் ஈண்டு ஆராய்வாம்.

எண்ணெய் நிலத்தின்கீழ் ஏரிபோல் தேங்கி நிற்பதன்று. கடற்பஞ்சில் நீர்போல மணற்பாறையின் நுண்துளைகளில் ஊறிக் கிடப்பது. நிலத்தடி அழுத்தமே அதனைக் கிணற்றை நோக்கி உந்துகின்றது. நாற்புறத்தினின்றும் வரும் எண்ணெய் முழுவதும் கிணற்றை அணுகுந்தோறும் குறுகிய இடத்தில் நெருங்கிப் பாய வேண்டும். ஆதலின், கிணற்றைச் சூழ்ந்த சில அடிப் பாறையே அதற்குத் தொண்டை போல்வது. எண்ணெயினின்று பிரியும் மெழுகும் கீலும், துளையிடுங்கால் புகுந்த சேறும், நுண்மணலும் அத்தொண்டையை அடைக்கின்றன. சுற்றிலும் எண்ணெய் இருப்பினும் கிணறு வறிதாகின்றது.

மனிதர் செவி நொடிக்கு ஏறத்தாழ 20,000 அதிர்வு வரையிலுமே கேட்கும். அதனின் மிக்கதே கேளா ஒலி. சில படிகங்களை அழுத்தின் மின்சாரம் தோன்றுதலை, 1880-இல் பியேர் கியூரி, ழாக் கியூரி என்னும் உடன்பிறந்தார் கண்டனர். மின்சாரஞ் செலுத்தின் அப்படிகங்கள் அதிர்தலும் பின்னர்த் தெளியப்பட்டது. முதல் உலகப் போர்க்காலத்தில் பிரெஞ்சு அறிஞர் பால் லாஞ்செவின் இவ்வியல்பு கொண்டு நீர்மூழ்கிக் கப்பல்களைத் தேடுங் கருவி இயற்றினர். இத்தகைய அதிர்கருவியே இக்காலத்தில் கம்பிவடத்தாற் கிணற்றினுள் எண்ணெய்ப் பாறைக்கு நேரே இறக்கப்படுகின்றது. அதன் அதிர்வு படிவுகளை உலுக்கித் தளர்த்தும். உடன் எழும் வெப்பம் மெழுகை இளக்கும். தளர்ந்த அழுக்கு எண்ணெயோடு வெளியேற, வழி திறக்கும். அமிலஞ் செலுத்தித் துளைகளைத் துப்புரவாக்கும் பழைய முறையில் குழாய்கள் அரிக்கப்படுதல் கூடும், ஒலிக்கு அக்குற்றமில்லை.

ரஷ்ய ஆய்வாளர் மேற்குச் சைபீரியா முதலிய இடங்களில் இம்முறையைச் சோதித்தனர். துளை மிகுந்து எண்ணெய் எளிதிற் பாயும் பாறையாயின் விளைவு நூற்றுக்கு 50 வரையும் உயரக்கூடும் என்றும், செறிந்த பாறையாயின் ஒலி மட்டும் போதாது, மருந்துநீர்மங்களையும் உடன் செலுத்தல் வேண்டும் என்றும் அவர் கண்டனர்.

எனினும், கேளா ஒலி பாறையில் நெடுந்தொலை செல்லாது. அதிர்வு விரைவாகுந்தோறும் விரைந்து தேய்வதே அதன் இயல்பு. சேய்மையிலுள்ள எண்ணெயை அஃது அசைக்காது. இழந்த அழுத்தத்தையும் மீட்காது. அடைப்பு மீண்டும் படியின் மீண்டும் செய்தல் வேண்டும். ஆகவே, வறண்ட கிணற்றுக்கெல்லாம் இது மருந்தென்பார் கூற்று பொருந்தாது. அடைப்பினால் மெலிந்த கிணற்றைக் கைவிட்டு வேறொன்று தோண்டுதலோ, பொருளையும் நிலத்தையும் வீணே அழிப்பதாம். நோய் தொண்டையிலா வயிற்றிலா என்று தேர்ந்த பின்னரே மருந்தளித்தல் மருத்துவர்க்கு முறை. கிணற்றுக்கும் அதுவே முறையென்பது எம் கருத்து.